திசு வளர்ப்பு மூலிகைக் கன்றுகளை நம்பி நடலாமா?

ஆற்றங்கரை | ஜூன் 9, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் வாழை. அது போக மணிமுத்தாறு போகிற வழியில் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் கிடக்கிறது. சரளை மண். சித்திரை பிறந்தால் கிணற்றில் பாறை தெரியும்.

அந்த மேட்டு நிலத்துக்குத்தான் இந்த யோசனை. போன மாதம் ஒரு நிறுவனத்தின் முகவர் வீடு தேடி வந்தார். அவுரி, வல்லாரை, கண்வலிக்கிழங்கு மூன்றுக்கும் ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று தருகிறார்களாம். விளைந்ததை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். கன்றுக்கான பணத்தில் பாதியை இப்போதே கட்ட வேண்டும். ஒப்பந்தத் தாளைக் காட்டினார், கையில் தரவில்லை.

திசு வளர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எட்டு வருடமாக ஜி 9 வாழைக்கு அந்தக் கன்றுதான் வைக்கிறேன். அதற்கு முன் பக்கக்கன்று தோண்டி வைத்த காலத்தில் கிழங்கிலேயே கூன்வண்டு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு மரம் குலை தள்ளும்போது பக்கத்து மரம் இன்னும் இலை விட்டுக்கொண்டிருக்கும். இப்போது வயல் முழுக்க ஒரே சீராகக் குலை வருகிறது, வியாபாரி இரண்டே வாரத்தில் வெட்டி முடித்துவிடுகிறார். மூலிகைக்கும் அப்படித்தானா? மகள் உயிர்த்தொழில்நுட்பம் படித்திருக்கிறாள். "அவசரப்படாதீர்கள் அப்பா, முதலில் விசாரிப்போம், வேண்டுமானால் வீட்டிலேயே செய்து பார்ப்போம்" என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர் | ஜூன் 9, இரவு 9.15

நிறுவனத்தின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கியிருக்கிறேன். விவாதம் செடியைப் பற்றியும் முறையைப் பற்றியும் இருக்கட்டும்.

குடுவைத்தோட்டம் | ஜூன் 9, இரவு 11.20

அண்ணாச்சி, பணம் கட்டிவிடாதீர்கள். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். பதினொரு வருடம் வாழைத் திசு வளர்ப்புக் கூடத்தில் கத்தியும் இடுக்கியுமாக உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது தென்காசிப் பக்கம் சிறிய அளவில் சொந்தமாக நடத்துகிறேன்.

செடியின் ஒரு துண்டுக்குள் முழுச் செடியாகும் வல்லமை இருக்கிறது. ஜெர்மன் மொழியில் எழுதிய ஹேபர்லாண்ட் என்ற தாவர அறிஞர் 1902இல் இதை எண்ணமாக முன்வைத்தார், செய்துகாட்ட அவரால் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவை வைத்து ஓர் உண்மையைக் கண்டார்கள்: சைட்டோகைனின், ஆக்சின் என்ற இரண்டு ஊக்கிகளில் முன்னது தூக்கலாக இருந்தால் துளிர் வரும், பின்னது தூக்கலாக இருந்தால் வேர் வரும், இரண்டும் சமமாக இருந்தால் உருவமில்லாத திசுக்கட்டி வரும். 1962இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் உப்புகளின் அளவை வகுத்துக் கொடுத்தார்கள். உலகத்தில் எத்தனையோ கூடங்கள் இன்றைக்கும் அந்தக் கலவையில்தான் ஓடுகின்றன. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கலவையைக் கெட்டியாக்க ஏறக்குறைய 8 கிராம் அகர், அமிலநிலை 5.8. அழுத்தக் கலனில் 121 டிகிரியில் இருபது நிமிடம் வேக வைத்து ஆறவிட்டால் பாட்டிலுக்குள் செடிக்குச் சோறு தயார். இதைத்தான் ஊடகம் என்கிறோம்.

ஒரு கணுத்துண்டு மாதத்துக்கு மூன்று துளிராகப் பிரிந்தால், பத்தாவது மாதம் காகிதத்தில் 59,049 செடி நிற்கும். முகவர்கள் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். பாட்டிலில் வருவது வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் செடியைப் பாருங்கள்.

வாழைக்கு இந்த முறை ஏன் பொருந்தியது? நாம் சாப்பிடும் வாழையில் விதை இல்லை. பக்கக்கன்றில் வண்டும் நூற்புழுவும் நோயும் கூடவே வரும். நோய்ச்சோதனை செய்த நல்ல தாய் மரத்திலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடுகிறது. தேவை இருந்தது, முறை அதைத் தீர்த்தது.

அவுரிக்கு என்ன தேவை? அது விதைத்தால் முளைக்கிற செடி. வல்லாரை தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. ஒரு கூடை கொடி இருந்தால் ஒரு வருடத்தில் ஒரு பாத்தி ஆகிவிடும். தவிர உங்கள் மேட்டு நிலம் சரளை மண், சித்திரையில் கிணறு வற்றும் என்கிறீர்கள், வல்லாரை ஈரம் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது. அந்த முகவர் உங்கள் நிலத்தைப் போய்ப் பார்த்தாரா?

கண்வலிக்கிழங்கில் மட்டும் நியாயம் உண்டு. அதன் கிழங்கு கலப்பை போல இரண்டு கிளையாக இருக்கும், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. கையாளும்போது அந்த முளை ஒடிந்தால் அந்தத் துண்டு அவ்வளவுதான். அதனால்தான் நடவுக் கிழங்கு அவ்வளவு விலை. ஆனால் பாட்டிலில் வரும் கிழங்கு பட்டாணி அளவுதான் இருக்கும். அது பெருத்துப் பூத்துக் காய்க்கச் சில பருவங்கள் வேண்டும். முதல் வருடமே விதை விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தேரிக்காடு | ஜூன் 10, காலை 6.30

அவுரி பற்றி அக்கா சொன்னது முழுக்கச் சரி. சாத்தான்குளம் பக்கம் எங்கள் அப்பா காலத்திலிருந்து போடுகிறோம். உழுது விதைத்துவிட்டு மழையைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். வெளிநாட்டில் இதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர், திருநெல்வேலியின் பெயரைச் சுமந்துகொண்டு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறுகிற சரக்கு இது. மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்க இதன் இலைதான் போகிறது. விதைக்குச் செலவழிக்கவே நாங்கள் யோசிப்போம். இதற்குப் பாட்டில் கன்று என்று ஒருவர் விற்க வந்தால் அவருக்குச் செடி தெரியாது, அல்லது விவசாயிக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நித்தியகல்யாணியும் அப்படியே. வானம் பார்த்த பூமியில் விதையில் வரும்.

மருந்துக்கல்வம் | ஜூன் 10, காலை 9.05

அம்பாசமுத்திரத்தில் சித்த வைத்தியம் பார்க்கிறேன், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து விவசாயிகள் அவுரி என்பது நிலாவரையை. எங்கள் மருந்து நூல்களில் அவுரி என்றால் நீலி, அதாவது சாயம் எடுக்கிற செடி. இரண்டும் வேறு. அதேபோல ஓரிதழ் தாமரை வேறு, ஓரிலைத் தாமரை வேறு. முன்னது வயல்வரப்பில் இளஞ்சிவப்புப் பூப் பூக்கிற சிறு செடி, பின்னது ஒற்றை இலையோடு மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கிற ஆர்க்கிட் இனம். கடையில் ஒன்று கேட்டால் மற்றது வருகிறது. நன்னாரி வேர் கேட்டால் மாகாளிக்கிழங்கைக் காயவைத்து நறுக்கித் தருகிறார்கள். வாசனை ஏறக்குறைய ஒத்துப்போவதால் புதிய வைத்தியர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயலில் ஒரு செடி தப்பாக வந்தால் தப்பு ஒரு செடியோடு போகும். பாட்டிலுக்குள் போன முதல் துண்டு தப்பாக இருந்தால் ஐம்பதாயிரம் செடியும் தப்பு. ஆய்வகக்காரர்கள் தாய்ச்செடியை உலர்த்தி ஒட்டி வைத்து, தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்கிறார்களா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மூலிகையை எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மண்ணையே பார்க்காமல் கண்ணாடிக்குள் பிறந்த செடிக்கு அந்தக் குணம் இருக்குமா? மனதார ஐயப்படுகிறேன், விளக்கம் கிடைத்தால் ஏற்றுக்கொள்வேன்.

பாளை ஆய்வு மாணவி | ஜூன் 10, இரவு 10.40

வைத்தியர் ஐயாவின் கேள்விக்குக் குடுவைத்தோட்டம் அக்கா பதில் சொல்வார்கள். நான் என் அனுபவத்தை எழுதுகிறேன், ஏனென்றால் இது வெளியில் யாரும் எழுதாத பகுதி.

ஆய்வில் சேர்ந்தபோது மாகாளிக்கிழங்கை எடுக்க ஆசைப்பட்டேன். ஊறுகாய்க்காகவும் மருந்துக்காகவும் அதன் வேரைத்தான் தோண்டுகிறார்கள். பாறை இடுக்கில் படர்ந்திருக்கும் கொடியைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தால் அந்தக் கொடியின் கதை முடிந்தது. விதை வெகுநாள் உயிரோடு இருப்பதில்லை, தண்டை வெட்டி நட்டாலும் எளிதில் வேர் விடுவதில்லை. திசு வளர்ப்பு தேவைப்படுகிற செடி என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. "அது வராது, வல்லாரை எடு, ஒரே வருடத்தில் முடிக்கலாம்" என்றார்கள். வல்லாரையும் நீர்ப்பிரமியும் எத்தனை ஆய்வேடுகளில் வந்துவிட்டன! பாட்டிலில் சுலபமாக வருகிற செடிக்கே எல்லோரும் போகிறோம், காட்டில் அருகிப்போகிற செடி வாசலில் நிற்கிறது.

பிடிவாதமாக மாகாளியையே எடுத்தேன். முதல் தடவை 120 பாட்டில் வைத்தேன். கணுத்துண்டை வெட்டிய இடத்தில் பால் கசிந்தது, மறுநாளே அதைச் சுற்றி ஊடகம் தேயிலைச் சாறு போலக் கறுத்தது. மூன்றாம் நாள் பாதிப் பாட்டில்களில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை. மிஞ்சியவை தப்பின என்று நினைத்தேன். பதினைந்தாம் நாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது தண்டின் அடியில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் வளையம். அது பாக்டீரியா. வெளியே கழுவியதெல்லாம் சரி, அது தண்டுக்குள்ளேயே குடியிருந்தது. கடைசியில் சுத்தமாக நின்றவை ஒன்பது. அன்றைக்கு விடுதிக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

பிறகு பழக்கத்தில் வந்தது. தாய்ச்செடியைத் தொட்டியில் வைத்து, இலைமேல் தண்ணீர் படாமல் வேரில் மட்டும் ஊற்றி ஒரு மாதம் வளர்த்துவிட்டு, புதிதாக விட்ட துளிரிலிருந்து எடுத்தால் தொற்று குறைகிறது. கறுப்பு ஏறாமல் இருக்கக் கரித்தூளும் அஸ்கார்பிக் அமிலமும் உதவுகின்றன. முதல் வாரத்தில் இரண்டு மூன்று முறை புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும்.

குடுவைத்தோட்டம் | ஜூன் 11, காலை 5.50

தங்கையின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அரிசிக் களைநீர் வளையத்தை நானும் எத்தனையோ விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். நீ தேர்ந்தெடுத்த செடி சரியானது. என் கூடத்திலும் இப்போது மாகாளிதான் முக்கிய வேலை. ஆறு வருடத்துக்கு முன் விதையிலிருந்து எழுப்பிய இருபது கொடிகள் என் தோட்டத்திலேயே தாய்ச்செடிகளாக இருக்கின்றன, காட்டிலிருந்து ஒரு கணு கூட எடுக்கவில்லை.

வைத்தியர் ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கணுவில் ஏற்கெனவே இருக்கிற மொட்டைத் தட்டி எழுப்பினால் வருவது தாய்ச்செடியின் அச்சு. இடையில் திசுக்கட்டியாக்கி, அந்தக் கட்டியிலிருந்து செடி எடுத்தால் மாறுபாடு நுழைகிறது. லார்க்கின், ஸ்கோகிராஃப்ட் இருவரும் 1981இல் இந்த மாறுபாட்டுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். புதிய ரகம் தேடுகிறவர்களுக்கு அது வரம், மருந்துக்கு வளர்ப்பவருக்கு இடைஞ்சல். அதனால் நான் கணுவழி மட்டுமே போகிறேன். ஒரே பாட்டில் வரிசையைப் பல வருடம் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருப்பதும் கூடாது, குறிப்பிட்ட தடவைக்குப் பிறகு தாய்ச்செடிக்கே திரும்ப வேண்டும்.

குணம் பற்றி: பாட்டிலில் இருப்பது பிள்ளைப் பருவம். அதை அப்படியே அரைத்து மருந்தாக்கச் சொல்லவில்லை. பாட்டில் நாற்றங்கால்தான். செடி மண்ணில் இறங்கி வெயிலும் காற்றும் பூச்சியும் பட்டு முதிர வேண்டும், நீங்கள் சொல்லும் நிலமும் பருவமும் அங்கேதான் வேலை செய்கின்றன. முதிர்ந்த பின் வேரை ஆய்வகத்தில் சோதித்து, விதையில் வந்த செடியோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சோதனைத்தாள் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

செடியே வேண்டாம், அதன் உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்து மருந்தை மட்டும் எடுப்பதும் உண்டு. ஜப்பானில் ஷிகோனின் என்ற சிவப்புப் பொருளை 1983இலேயே அப்படி வணிகத்துக்குக் கொண்டுவந்தார்கள். புற்றுநோய்க்கான பாக்லிடாக்சலும் யூ மரத்தின் அணுக்களைப் பெரிய கலன்களில் வளர்த்து எடுக்கப்படுகிறது. ஆனால் எல்லாச் செடியும் இதற்கு இணங்குவதில்லை. தேரிக்காட்டு அண்ணன் விதைக்கிற நித்தியகல்யாணியில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இருக்கிறது. அதை அணு வளர்ப்பில் எடுக்க எத்தனையோ பேர் பல பத்தாண்டு முயன்றும் வணிகத்துக்குக் கட்டவில்லை. வயலில் பறித்த இலைதான் இன்றைக்கும் ஆதாரம்.

பாளை ஆய்வு மாணவி | ஜூன் 11, இரவு 9.30

நன்றி அக்கா. வல்லாரையைப் பற்றி மட்டும் ஒரு மறுப்பு. அதைக் கொடியிலேயே பெருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சந்தைக்கு வருகிற வல்லாரை எங்கே பறித்தது? சாக்கடை ஓரத்தில் வளர்ந்தால் அது ஈயத்தையும் காட்மியத்தையும் மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும். சத்து அதிகமுள்ள ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்து, சுத்தமான தாய்ச்செடியாகப் பாட்டிலில் பாதுகாத்து வைக்க இந்த முறை உதவும். விவசாயிக்குக் கன்று விற்க இது வேண்டாம், தாய்ச்செடியைக் காக்க வேண்டும் என்கிறேன்.

மருந்துக்கல்வம் | ஜூன் 11, இரவு 10.10

இந்த மாணவி சொன்ன காரணத்துக்காகவே நான் வல்லாரையைக் கடையில் வாங்குவதை நிறுத்தி, வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டியில் வளர்க்கிறேன். குணம் பற்றிய விளக்கமும் எனக்குத் திருப்தி. பாட்டில் ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொண்டால் மனம் ஒப்புகிறது.

காரையாறு | ஜூன் 13, மாலை 4.25

தாமதமாக வருகிறேன், மலையில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் பல வருடமாக வேலை செய்கிறேன். மயிலாறு, சேர்வலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு, இஞ்சிக்குழி எல்லாம் என் கால் பழகிய இடங்கள்.

தாய்ச்செடி எங்கிருந்து வந்தது என்பதை இங்கே யாரும் விரிவாகப் பேசவில்லை, குடுவைத்தோட்டம் அம்மா ஒரே வரியில் சொன்னதைத் தவிர. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உள்ளே போய் ஒரு கணு எடுப்பதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்கு வருகிறவர்களில் சிலர் பை நிறைய வேரோடு இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பக்தியோடுதான் எடுக்கிறார்கள், ஆனால் செடி போய்விடுகிறது.

ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் வரலாற்றை மகளிடம் சொல்லுங்கள் அண்ணாச்சி. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்று அகத்தியமலையின் கேரளப் பக்கம் ஏறியது. எல்லோரும் களைத்து மூச்சுவாங்க, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு அலுப்பில்லாமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சையின் காய். அந்த அறிவிலிருந்து கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் தோட்டத்தில் 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995இல் உற்பத்தி உரிமை ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போனது, உரிமத் தொகையிலும் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடாகி 1997இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசியது. ஆனால் மருந்துக்கு இலை வேண்டும் என்றதும் காட்டிலிருந்து செடியைப் பிடுங்குவது கூடியது, வனத்துறை மறுத்தது, வளர்க்கும் திட்டமும் தடுமாறியது. மருந்து சந்தைக்கு வருவதற்கு முன்பே கன்று பெருக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

ஒரு காணிப் பாட்டி எனக்குக் காட்டியதை எழுதுகிறேன். கொடியின் கிழங்கை எடுக்கும்போது முழுவதையும் எடுக்கமாட்டார். பக்கவாட்டு வேரில் ஒன்றை விரலால் மண்ணைக் கிளறித் தேடி, அதை மட்டும் அரிவாள் நுனியால் நறுக்கி எடுத்துவிட்டு, குழியில் சருகைப் போட்டு மூடி, மேலே காலால் மெதுவாக மிதித்துவிடுவார். அடுத்த முறை வரும்போது எந்தப் பக்கம் எடுத்தோம் என்று தெரிய ஒரு கல்லையும் வைப்பார்.

ஆற்றங்கரை | ஜூன் 14, இரவு 8.15

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். முகவரைத் தொலைபேசியில் அழைத்து, தாய்ச்செடி எங்கே இருக்கிறது, சோதனைத்தாள் உண்டா, நிலத்தை வந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன். அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

மாகாளி என்றதும் எனக்குள் வேறு ஒன்று கிளம்பிவிட்டது. எங்கள் அக்கிரகாரத்துத் தெருக்களில் தயிரும் கடுகும் சேர்த்துப் பரணியில் ஊறும் அந்த வாசனையில் வளர்ந்தவன் நான். அம்மா எண்பது வயதிலும் மோர்ச்சோற்றுக்கு அதைத்தான் தேடுகிறாள். அது மலையிலிருந்து வருகிறது என்பது தெரியும், வருகிற வழியில் கொடி செத்துப்போகிறது என்பது இத்தனை வயதில் தெரியாது. அந்தச் சரளை மேட்டில் மாகாளி வருமா? மகள் வீட்டில் செய்து பார்க்கலாமா?

குடுவைத்தோட்டம் | ஜூன் 15, காலை 6.10

சரளையும் வடிகாலும் மாகாளிக்குப் பிடிக்கும் அண்ணாச்சி. ஆனால் வாழை போலப் பதினோராம் மாதம் தார் வெட்டுகிற கணக்கு இதில் இல்லை. வேர் பருக்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள்.

மகள் வீட்டில் பழகலாம். அழுத்தக் கலன் இல்லாவிட்டால் நம் பிரஷர் குக்கரே போதும். விசில் வரத் தொடங்கியதும் தீயைத் தணித்து இருபது நிமிடம் வைத்து, தானாக ஆறிய பிறகு திறக்கட்டும். கடைச் சர்க்கரை போதும். இளநீரில் இயற்கையாகவே சைட்டோகைனின் உண்டு, 1940களிலேயே வெளிநாட்டில் ஊடகத்தில் சேர்த்துப் பார்த்தார்கள், பத்து விழுக்காடு சேர்க்கலாம். அகர் விலை அதிகம்தான். மன்னார் வளைகுடாவில் எடுக்கிற கடல்பாசியிலிருந்து ஆகிற பொருள் நம் கைக்கு வரும்போது அந்த விலையாகிறது. பழகும்வரை இசப்கோல் உமியை வைத்துச் செய்யலாம், கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். காற்றை வடிகட்டி அனுப்பும் லேமினார் மேசைக்குப் பதில் கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளட்டும். ஸ்பிரிட் துடைத்த கை காய்வதற்குள் விளக்கைப் பற்றவைக்கக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பழைய செய்முறைகளில் பாதரசக் குளோரைடில் கழுவச் சொல்லியிருக்கும். அது கடும் விஷம், கழுவிய நீரை எங்கே கொட்டுவீர்கள்? வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சலவைக்குப் பயன்படும் பிளீச்சிங் கரைசலை நீர்த்துப் பயன்படுத்தட்டும். முதலில் வல்லாரை அல்லது நீர்ப்பிரமியில் கை பழகட்டும். அந்தச் செடிகள் மாணவர்களுக்கு நல்ல ஆசிரியர்.

மாகாளிக்கு இப்போது நானே கன்று தருகிறேன், விலை வேண்டாம். வேர் விட்ட 60 செடிகளைப் பாட்டிலோடு தருகிறேன். மண்ணுக்கு மாற்றும் வேலையை உங்கள் மகள் செய்யட்டும். காகிதக் கணக்கு உடைகிற இடம் அதுதான். பாட்டிலுக்குள் காற்று எப்போதும் ஈரமாக இருப்பதால் இலைமேல் மெழுகு இராது, இலைத்துளை மூடவும் கற்றிருக்காது. வெளியே எடுத்து அரைமணி நேரம் வைத்தால் துவண்டுவிடும். ஒருமுறை சித்திரையில் இரண்டாயிரம் கன்றை வெளியே எடுத்து முக்கால்வாசியை இழந்தேன். அன்றிலிருந்து ஆனி, ஆடிச் சாரலுக்குக் காத்திருந்துதான் எடுக்கிறேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்த ஈரக்காற்றுக்கு நிகரான எந்திரம் என்னிடம் இல்லை.

வேரில் ஒட்டிய ஊடகத்தை ஒரு துளி விடாமல் கழுவுங்கள். அதில் சர்க்கரை இருக்கிறது, மண்ணில் பூஞ்சையை அதுதான் கூப்பிடும். குழித்தட்டில் நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவும் மணலும் போட்டு நட்டு, மேலே பாலிதீன் மூடி, பத்து நாள் கழித்துச் சிறு ஓட்டைகள் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

ஆற்றங்கரை | ஜூலை 5, மாலை 6.40

நாளை காலை வருகிறோம் தங்கச்சி. பஸ்ஸில் கொண்டுவரலாமா, கார் பிடிக்க வேண்டுமா?

குடுவைத்தோட்டம் | ஜூலை 5, இரவு 7.00

பஸ் போதும். அட்டைப்பெட்டியில் நிற்க வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம்.

ஆற்றங்கரை | ஆகஸ்ட் 4, இரவு 9.10

கணக்கு ஒப்பிக்கிறேன். 60இல் 41 நிற்கின்றன. முதல் ஐந்து நாள் எல்லாம் பச்சையாக இருந்தன. ஆறாம் நாள் சாரல் விட்டு வெயில் அடித்தது, உள்ளே வெந்துவிடுமோ என்று பயந்து நான்தான் பாலிதீனை முழுதாகத் தூக்கிவிட்டேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். உச்சிவேளைக்குள் பதினொன்று படுத்துவிட்டன. சாயங்காலம் தண்ணீர் தெளித்து மூடியும் எழவில்லை. மீதி எட்டு அடித்தண்டு அழுகிப் போயின, கழுவியதில் ஊடகம் மிச்சம் இருந்திருக்க வேண்டும் என்கிறாள் மகள். இருபதாம் நாள் முதல் புது இலை வந்தது. பாட்டிலில் வந்த இலை மெல்லிசாக வெளிறி இருக்கும், இது தடித்துக் கரும்பச்சையாக இருக்கிறது, விரலால் தடவினால் வித்தியாசம் தெரிகிறது.

செத்த கன்று ஒன்றைத் தூக்கிப் போடுவதற்கு முன் மகள் அதன் வேரை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். தையல் நூலைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் மூக்கருகே நீட்டினாள். "மாகாளி ஏதடா இந்த மாசத்தில்?" என்றாள் அம்மா.

குடுவைத்தோட்டம் | ஆகஸ்ட் 4, இரவு 9.45

41 என்பது நல்ல எண்ணிக்கை அண்ணாச்சி, முதல் தடவை எனக்கு இதில் பாதிகூட நிற்கவில்லை. புரட்டாசிவரை பைகளில் வளரட்டும். வடகிழக்கு மழை இரண்டு பெய்து மண் நன்றாக நனைந்த பிறகு மேட்டில் இறக்குங்கள், படர ஒரு பட்ட மரக்கிளையை நட்டு வையுங்கள். வைத்தியர் ஐயாவுக்கும் ஒரு பையைக் கொடுங்கள். நன்னாரிக்கும் மாகாளிக்கும் இலையில் உள்ள வேறுபாட்டை அவர் தம் மாணவர்களுக்குச் செடியை வைத்தே காட்டட்டும்.

மருந்துக்கல்வம் | ஆகஸ்ட் 5, காலை 7.20

இரண்டு பைகளாகத் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். நன்னாரிக் கொடி ஒன்றையும் கொண்டுவருகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.